பழைய போதைப் பழக்கத்தோடு அமெரிக்க செக்யூரிட்டி கிளியரன்ஸுக்கு விண்ணப்பிப்பது எப்படி

"காலேஜில் நாலைந்து தடவை கஞ்சா இழுத்திருக்கிறேன். கிளியரன்ஸ் கிடைக்குமா?" கிளியரன்ஸ் என்பது அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளத் தரப்படும் அனுமதி; அது பெரும்பாலும் கிடைக்கும். "அதை ஃபார்மில் எழுதாமல் விட்டுவிடலாமா?" கூடாது. விண்ணப்பம் அடிபடுவது அங்கேதான். பழைய பழக்கத்துக்குப் பரிகாரம் விதியிலேயே எழுதியிருக்கிறது. மறைத்து மாட்டிக்கொண்டால் அதிலிருந்து மீள்வது அதைவிடப் பல மடங்கு கடினம்.

அமெரிக்க ராணுவத் துறை, உளவு அமைப்புகள், அவற்றுக்கு ஒப்பந்தப் பணி செய்யும் நிறுவனங்கள் ஆகியவற்றில் சேர நினைக்கும் தமிழர்களுக்கும், அங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கும் இந்த வழிகாட்டி. கைது, வழக்கு, போதை விற்பனை, குடியுரிமைச் சிக்கல் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ஃபார்மைத் தொடுவதற்கு முன்பே இந்தத் துறையில் பழகிய வக்கீலைப் பாருங்கள். மற்றவர்கள் நிதானமாகச் செய்தால் தாங்களே செய்துகொள்ளலாம்.

நாமாகப் போய் கிளியரன்ஸுக்கு விண்ணப்பிக்க முடியாது. வேலை கொடுக்கும் அரசுத் துறையோ நிறுவனமோதான் உங்களை முன்மொழிய வேண்டும். அமெரிக்கக் குடியுரிமையும் வேண்டும். எச்-1பி, கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கிளியரன்ஸ் கிடையாது. மிக அபூர்வமாக, வரம்புக்குட்பட்ட அனுமதி ஒன்று தரப்படுவதுண்டு, அது வேறு விஷயம்.

விதி என்ன சொல்கிறது

கான்ஃபிடென்ஷியல், சீக்ரெட், டாப் சீக்ரெட் என்று எந்த நிலையானாலும் அளவுகோல் ஒன்றுதான். 2017 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கும் 'சீட் 4' என்ற உத்தரவில் ஏ முதல் எம் வரை 13 வழிகாட்டு நெறிகள் உள்ளன. போதைப்பொருளுக்கானது 'எச்'. பொய், மறைப்பு போன்ற நடத்தைக்கானது 'ஈ'. இந்த இரண்டு எழுத்துகளையும் நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

'எச்' எதையெல்லாம் குறையாகப் பார்க்கிறது? சட்டவிரோதமாகப் பயன்படுத்தியது, சோதனையில் பாசிட்டிவ் வந்தது, வைத்திருந்தது, வாங்கியது, விற்றது, வளர்த்தது, மருத்துவர் அடிமைப் பழக்கம் என்று கண்டறிந்தது, பரிந்துரைத்த சிகிச்சையைப் பாதியில் விட்டது, கிளியரன்ஸ் கையில் இருக்கும்போதே பயன்படுத்தியது. கடைசியாக, பலர் கவனிக்காத ஒன்று: இனிமேல் தொடமாட்டேன் என்று தெளிவாகச் சொல்லாமல் மழுப்புவது.

அதே நெறி, குறையைத் தணிக்கும் நான்கு வழிகளையும் தருகிறது. ஒன்று, நடந்து வெகுகாலம் ஆகிவிட்டது, அரிதாக நடந்தது, அல்லது மறுபடி நடக்க வாய்ப்பில்லாத சூழலில் நடந்தது. இரண்டு, ஒப்புக்கொண்டு, நிறுத்தி, விலகியிருப்பதை நிரூபிப்பது. மூன்று, கடுமையான அல்லது நீண்ட நோய்க்கு எழுதிக்கொடுத்த மருந்தே பழக்கமாகி, அதுவும் முடிந்துவிட்டது. நான்கு, சிகிச்சையை முழுதாக முடித்து, மருத்துவரிடம் நல்ல சான்று பெற்றது. சாதாரணமாகக் கைகொடுப்பது முதல் இரண்டு வழிகள்தான்.

எத்தனை மாதம் விலகியிருக்க வேண்டும் என்று 'எச்' எங்குமே எண் சொல்லவில்லை. "ஒரு வருஷம் ஆனால் போதும்" என்று ஆள் ஆளுக்குச் சொல்வார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. எப்போதோ ஒன்றிரண்டு முறை கஞ்சா புகைத்தவருக்குப் பன்னிரண்டு மாத இடைவெளி பலமான வாதம். மூன்று வருடம் வாராவாரம் கொக்கெய்ன் எடுத்தவருக்கு அதே பன்னிரண்டு மாதம் தொடக்கம் மட்டுமே. பொருள் என்ன, எவ்வளவு அடிக்கடி, எந்த வயதில், எதற்காக நிறுத்தினார் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஆளை முழுசாக எடைபோடுவார்கள். சந்தேகம் மிஞ்சினால் அது தேசப் பாதுகாப்பின் பக்கம்தான் சாயும், விண்ணப்பதாரர் பக்கம் சாயாது.

அசைக்க முடியாத கோடு ஒன்று உண்டு. இப்போது சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்திக்கொண்டிருப்பவருக்கோ அடிமையாக இருப்பவருக்கோ எந்தத் துறையும் கிளியரன்ஸ் தரவோ புதுப்பிக்கவோ கூடாது என்பது 'பாண்ட் திருத்தம்' எனப்படும் கூட்டாட்சிச் சட்டம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். கிளியரன்ஸ் வேறு, வேலைக்கான தகுதி வேறு. சில அமைப்புகள் கிளியரன்ஸ் கட்டத்துக்கு வருவதற்கு முன்பே தங்களுக்கென்று தனி வரம்பு வைத்திருக்கின்றன. எஃப்பிஐ விண்ணப்பத் தேதிக்கு முந்தைய ஒரு வருடத்துக்குள் கஞ்சாவை எந்த வடிவில் பயன்படுத்தியிருந்தாலும் எடுக்காது. மற்ற சட்டவிரோதப் போதைப்பொருள்களுக்கு அந்த வரம்பு பத்து வருடம். ஒரு ராணுவ ஒப்பந்த நிறுவனத்தில் சிக்கலில்லாமல் சீக்ரெட் பெறக்கூடிய ஆளை எஃப்பிஐ வாசலிலேயே திருப்பி அனுப்பக்கூடும். விண்ணப்பிக்கும் அமைப்பின் வேலைவாய்ப்புப் பக்கத்தை முதலில் படியுங்கள்.

முதல் வேலை: நிறுத்துவது, தேதியைக் குறிப்பது

வேலைக்கு விண்ணப்பிக்கலாமா என்ற யோசனை வந்த அன்றே நிறுத்திவிட வேண்டும். ஃபார்மில் கையெழுத்திட்ட நொடியிலிருந்து சரிபார்ப்பு தொடங்கிவிட்டதாகக் கணக்கு. தேசிய உளவுத் துறை இயக்குநர் 2021 டிசம்பரில் எல்லாத் துறைகளுக்கும் அனுப்பிய வழிகாட்டுதலில், முன்பு கஞ்சா பயன்படுத்தியது கவனிக்கத்தக்கது, ஆனால் அது மட்டுமே முடிவைத் தீர்மானிக்காது என்று சொல்லப்பட்டிருக்கிறது. அதே வழிகாட்டுதல், கையெழுத்துக்குப் பிறகு கஞ்சாவைத் தொடக்கூடாது என்று விண்ணப்பதாரர்களுக்கு எடுத்துச் சொல்லவும் சொல்கிறது. கையெழுத்துக்கு முன் இருபது முறை பயன்படுத்தியவரைவிட, கையெழுத்துக்குப் பின் ஒரே ஒரு முறை பயன்படுத்தியவரின் நிலைமை மோசம். விதி தெரிந்த பிறகும் மீறினார் என்பதுதான் பிரச்சினை. அந்த ஆளிடம் ரகசியத்தை எப்படி ஒப்படைப்பது என்று அதிகாரி கேட்டால் பதில் இருக்காது.

அடுத்து ஒரு காலவரிசை தயாரியுங்கள். ஃபார்மைத் திறப்பதற்கு முன், தனித்தாளில். ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து விஷயம் வேண்டும்: முதல் முறை எந்த மாதம், எந்த வருடம், கடைசி முறை எப்போது, இடைப்பட்ட காலத்தில் எவ்வளவு அடிக்கடி, எங்கே, யாரோடு, எப்படிக் கிடைத்தது. மாதம் நினைவில்லையா? எந்த செமஸ்டர், எந்த வீட்டில் வாடகைக்கு இருந்தீர்கள், அப்போது என்ன வேலை என்று பிடித்துக்கொண்டு பின்னால் போனால் கிடைத்துவிடும். விடுமுறைப் பயணப் போட்டோக்களில் தேதி இருக்கும்.

எண்ணிக்கையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். "இரண்டு மூன்று முறை" என்று எழுதுவது கைப்பழக்கம். உட்கார்ந்து கணக்கிட்டால், மாதம் ஒருமுறை வீதம் ஒன்றரை வருடம், பதினெட்டு முறை என்று வரும். தெரியாத இடத்தில் வரம்பாக எழுதுங்கள்: "15 முதல் 20 முறை". அந்த வரம்பின் மேல் எண் உண்மைக்குக் குறைந்ததாக இருக்கக் கூடாது. ஃபார்மில் அதிகமாகச் சொல்லி நேர்காணலில் குறைந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஃபார்மில் 3, நேர்காணலில் 10, பாலிகிராஃப் எனும் பொய்யறியும் சோதனையில் 40 என்று ஏறினால் வழக்கு 'எச்'சிலிருந்து 'ஈ'க்குத் தாவிவிடும்.

23-ஆம் பகுதியை நிரப்புவது

தேசப் பாதுகாப்புப் பணிகளுக்கான கேள்விப் படிவத்தின் பெயர் எஸ்எஃப்-86. இப்போது அது 'இஆப்' என்ற இணையதளத்தில் நிரப்பப்படுகிறது. இதற்குப் பதிலாக வரவிருக்கும் புதுப் படிவத்துக்கு 2023-இல் ஒப்புதல் கிடைத்துவிட்டது. அதில் கேள்விகள் வேறு விதமாக இருக்கும். ஆகவே நண்பருக்கு என்ன கேட்டார்கள் என்பதை விட்டுவிட்டு, உங்கள் திரையில் இருக்கும் கேள்வியை வார்த்தை வார்த்தையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

எஸ்எஃப்-86-இல் போதைப்பொருள் பகுதி 23-ஆவது. அதன் தலைப்பிலேயே இரண்டு விஷயம் இருக்கிறது. முதலாவது: மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டப்படி எது குற்றமோ அதற்கே பதில் வேண்டும். கொலராடோவிலும் கலிஃபோர்னியாவிலும் கடையில் ரசீது போட்டு வாங்கிய கஞ்சாவும் இதில் அடக்கம். டாக்டர் எழுதிக்கொடுத்த மெடிக்கல் மரிஜுவானா (மருத்துவக் கஞ்சா) அட்டையும் காப்பாற்றாது. இரண்டாவது: இந்தப் பகுதியில் நீங்கள் உண்மையாகச் சொல்வது பின்னால் ஒரு குற்றவழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்தப்படாது என்ற உறுதிமொழி. உண்மையான பதிலுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. தெரிந்தே பொய் எழுதினால் ஐந்து வருடம் வரை சிறை என்று படிவத்தின் தொடக்க அறிவுறுத்தல்களில் இருக்கிறது.

கேள்விகள் இரண்டு வகை. கடந்த ஏழு வருடம் பற்றியவை ஒரு வகை: சட்டவிரோதமாகப் பயன்படுத்தியது, வாங்கியது, விற்றது, வளர்த்தது, கைமாற்றியது, மருத்துவர் சீட்டில் மட்டும் தரும் மருந்தை வேண்டுமென்றே தவறாகப் பயன்படுத்தியது. 'எப்போதாவது' என்று வாழ்நாள் முழுவதையும் கேட்பவை இன்னொரு வகை: கிளியரன்ஸ் இருக்கும்போது பயன்படுத்தியது, போலீஸ், அரசு வழக்கறிஞர், நீதிமன்ற அலுவலர் பணியிலோ பொதுமக்கள் பாதுகாப்பை நேரடியாகப் பாதிக்கும் பணியிலோ இருக்கும்போது பயன்படுத்தியது, சிகிச்சைக்கோ கவுன்சலிங்குக்கோ போகும்படி சொல்லப்பட்டது, தானாகவே போனது. போலீஸ் பதிவுகளுக்கான 22-ஆம் பகுதியிலும் போதை அல்லது மது சம்பந்தப்பட்ட குற்றச்சாட்டு வாழ்நாள் கேள்விதான். நீதிமன்றம் பதிவை அழித்துவிட்டது, சீல் வைத்துவிட்டது என்றாலும் எழுத வேண்டும். கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் அழிக்கப்பட்ட சில போதைத் தண்டனைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. உள்ளூர் வக்கீல் "ரெக்கார்டே இல்லை, மறந்துவிடு" என்று சொன்னது வாடகை வீட்டு விண்ணப்பத்துக்குப் பொருந்தலாம், இங்கே பொருந்தாது.

ஏழு வருடம் என்பதைக் கையெழுத்துத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழே நடந்ததற்கு விலக்கு இல்லை. 22 வயதில் காலேஜ் முடித்து விண்ணப்பிக்கும் பையனுக்கு அந்த ஏழு வருடம் 15 வயதிலிருந்தே தொடங்குகிறது. ஹைஸ்கூல் பார்ட்டியும் கணக்கில் வரும். பிள்ளை ஃபார்ம் நிரப்பும்போது அப்பா அம்மா பக்கத்தில் உட்காராமல் இருப்பது எவ்வளவு நல்லது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். மறுபக்கம், கடைசிப் பயன்பாடு எட்டு வருடத்துக்கு முன், கைது இல்லை, சிகிச்சை இல்லை, அப்போது கிளியரன்ஸோ போலீஸ் போன்ற பணியோ இல்லை என்றால் இந்தப் பகுதியில் "இல்லை" என்பது உண்மையான பதில். வலிந்து போய் எழுத வேண்டியதில்லை. ஆனால் நேர்காணலிலோ பாலிகிராஃபிலோ காலவரம்பு இல்லாமல் நேரடியாகக் கேட்டால் நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும்.

அடிக்கடி பார்க்கும் முரண்பாடு ஒன்று: பயன்படுத்தினேன் என்பதற்கு "ஆம்", வாங்கினேனா என்பதற்கு "இல்லை". சொந்தத்துக்கு வாங்கியதும் வாங்கியதே. நாலு பேர் காசு போட்டு ஒருவர் போய் வாங்கிவந்து பிரித்துக் கொடுத்திருந்தால், போனவர் வாங்கியதும் கைமாற்றியதும் இரண்டும் உண்டு. அதை விளக்கப் பெட்டியில் அப்படியே எழுதினால் வியாபாரி என்று யாரும் நினைக்கப்போவதில்லை. எழுதாமல் விட்டு, விசாரணையில் ரூம்மேட் சொல்லிவிட்டால் கதை வேறு. பால்கனித் தொட்டியில் இரண்டு செடி வளர்த்ததும் இதே கேள்வியில்தான் வரும்.

அடுத்தது அடரால், கவனக்குறைபாட்டுக்கு மருத்துவர் எழுதித்தரும் தூண்டுமருந்து. பரீட்சைக்கு முந்தின இரவு தூங்காமல் படிக்க நண்பனிடம் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டவர்கள் அதைப் போதை என்றே நினைப்பதில்லை. கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கான கூட்டாட்சிச் சட்டப்படி அது இரண்டாம் அட்டவணைப் பொருள்; மற்றவர் பெயரில் எழுதிய மருந்தை எடுத்தது தவறான பயன்பாடு. பல் பிடுங்கியபோது அண்ணனுக்குக் கொடுத்த ஓபியாய்டு வலிமாத்திரை மிச்சத்தைத் தன் முதுகுவலிக்குப் போட்டதும் அப்படியே.

"எதிர்காலத்தில் பயன்படுத்தும் எண்ணம் உண்டா?" என்று ஒரு கேள்வி வரும். பதில் "இல்லை", பிறகு ஏன் என்று ஒரு வரி. "கூட்டாட்சிச் சட்டம் மாறினால் பார்க்கலாம்", "வேலையில் இருக்கும்வரை இல்லை" என்பதெல்லாம் நேர்மையான பதிலாகத் தோன்றலாம். படிக்கிறவருக்கு அது தயக்கம். இன்னும் அப்படித்தான் நினைக்கிறீர்கள் என்றால், பொய் சொல்ல வேண்டாம், இந்த வேலைக்கு இப்போது போக வேண்டாம்.

விளக்கப் பெட்டியில் எழுதுவது எப்படி இருக்க வேண்டும்? தமிழில் ஒரு மாதிரி தருகிறோம். முதலில் எப்படி எழுதக் கூடாது என்பது:

"கல்லூரிக் காலத்தில் நண்பர்களின் வற்புறுத்தலால் சில முறை பரிசோதனையாக முயன்றேன். இப்போது இல்லை."

எத்தனை முறை, எப்போது, எதை, இப்போது என்றால் எப்போதிலிருந்து, ஒன்றும் இல்லை. அதையே இப்படி எழுதலாம்:

"2020 செப்டம்பரிலிருந்து 2022 மே வரை கஞ்சா புகைத்தேன், தேதிகள் உத்தேசமானவை. வகுப்பு நடக்கும் மாதங்களில் மாதம் ஒருமுறை, மொத்தம் 15 முதல் 20 முறை. 2021 கோடையில் இரண்டு முறை எடிபிள் (கஞ்சா கலந்த தின்பண்டம்) சாப்பிட்டேன். எல்லாம் கல்லூரி விடுதியிலும் நண்பர் வீட்டிலும். பெரும்பாலும் நண்பர்கள் தந்தது. மூன்று முறை என் பங்காக 20 டாலர் கொடுத்தேன். பட்டம் பெற்று வேலைக்குச் சேர்ந்தபோது நிறுத்தினேன். அதன் பிறகு எந்தப் போதைப்பொருளையும் பயன்படுத்தவில்லை. அந்த நண்பர்களில் இருவரோடு தொலைபேசித் தொடர்பு உண்டு. சேர்ந்து வெளியே போவதில்லை. இனிப் பயன்படுத்த மாட்டேன்."

வருத்தம், தத்துவம், குடும்பப் பெருமை எதுவும் வேண்டாம். தேதிக் கட்டத்துக்குப் பக்கத்தில் 'உத்தேசம்' என்று குறிக்க ஒரு பெட்டி இருக்கும். நிச்சயமில்லாத தேதிக்கெல்லாம் அதை டிக் செய்யுங்கள். அனுப்புவதற்கு முன் முழுப் படிவத்தையும் பிடிஎஃப்பாக இறக்கிப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் அடுத்த விசாரணையில் நீங்கள் சொல்வதை இந்தத் தாளோடுதான் ஒப்பிடுவார்கள். உங்களிடமும் ஒரு பிரதி இருக்கட்டும்.

ரெக்ரூட்டரோ, பழைய மேலாளரோ "அதெல்லாம் எழுதாதே, வேலை போய்விடும்" என்று சொல்லக்கூடும். கையெழுத்து உங்களுடையது. வக்கீலோ, பாதுகாப்பு நடைமுறையில் ஆலோசனை சொல்லும் பொறுப்பில் உள்ள அதிகாரியோ சொன்னதால் விட்டேன் என்றால் மட்டும் 'ஈ' நெறியில் ஓரளவு தணிப்பு உண்டு, அதுவும் தவறு தெரிந்த உடனே முழுதாகச் சொன்னால். ஏற்கனவே விட்டுவிட்டீர்களா? விசாரணை அதிகாரி கண்டுபிடித்து முகத்துக்கு நேரே கேட்பதற்கு முன் நீங்களே சொல்ல வேண்டும். கேட்ட பிறகு சொல்வது திருத்தமாகாது, ஒப்புதல் மட்டும்தான்.

அத்தாட்சி

இரண்டாவது தணிப்பு வழி மூன்று விஷயத்தைப் பெயர் சொல்லிக் கேட்கிறது: போதை எடுக்கும் நட்பு வட்டத்திலிருந்து விலகியது, பயன்படுத்திய இடத்தையும் சூழலையும் மாற்றியது, கையெழுத்திட்ட உறுதிமொழி. வேறொரு வீட்டுக்கு மாறியிருந்தால் வாடகை ஒப்பந்தமே ஆதாரம். உறுதிமொழியில் இரண்டு வாக்கியம் கட்டாயம்: எல்லாவிதப் போதைப்பொருள் தொடர்பையும் தவிர்ப்பேன், மீறினால் என் கிளியரன்ஸ் தகுதியை ரத்து செய்ய அதுவே போதுமான காரணம் என்பதை ஏற்கிறேன். தேதி போட்டுக் கையெழுத்திட்டு வைத்திருங்கள்.

பழக்கம் பெரிதாக இருந்தவர்கள் இதோடு நிற்கக் கூடாது. உரிமம் பெற்ற உளவியலாளரிடமோ போதைப் பழக்க ஆலோசகரிடமோ ஒரு மதிப்பீடு எடுங்கள். அடிமைப் பழக்கம் இல்லை அல்லது மீண்டுவிட்டார், மீண்டும் விழும் வாய்ப்பு குறைவு என்று எழுத்தில் வாங்குங்கள். சிகிச்சை எடுத்திருந்தால் முடித்த சான்றிதழ் வேண்டும், அதன் பிறகான தொடர் கவனிப்புப் பதிவும் வேண்டும். சிகிச்சைக்குப் போனதை மறைக்கிறவர்கள் தங்களுக்குச் சாதகமான ஒரே ஆவணத்தை மறைக்கிறார்கள். இடைவெளி விட்டு எடுத்த நெகட்டிவ் சோதனை முடிவுகளும் உதவும். நடத்தைச் சான்றுக் கடிதம் கொடுப்பவர் உங்கள் பழைய பழக்கத்தைத் தெரிந்தவராக இருக்க வேண்டும்; "தங்கமான பிள்ளை" என்று மட்டும் எழுதும் கடிதத்துக்கு எடை கிடையாது.

விசாரணை அதிகாரி வரும்போது

டாப் சீக்ரெட்டுக்கு நேர்காணல் வழக்கமாக உண்டு. சீக்ரெட்டில் ஃபார்மில் ஏதாவது இருந்தால் உண்டு. அதிகாரி படிவத்தை வரிவரியாகக் கேட்பார். நீங்கள் தயாரித்த காலவரிசைத் தாளை முந்தின நாள் படித்துவிட்டுப் போங்கள். கேட்டதற்குப் பதில் சொல்லி நிறுத்துங்கள். அவர் அறிக்கை எழுதுபவர் மட்டும். முடிவெடுப்பவர் வேறு, அவர் உங்களைப் பார்க்கவே போவதில்லை. ஆகவே பேச்சில் சொல்லும் எண்ணும் தேதியும் அறிக்கையில் சரியாக ஏறும்படி நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அதிகாரி அண்டை வீட்டார், முன்னாள் ரூம்மேட், உடன் வேலை செய்தவர்களிடமும் பேசுவார். அவர்களை அழைத்து இப்படிச் சொல் அப்படிச் சொல் என்று பாடம் எடுக்காதீர்கள். அது தெரியவந்தால் தனிக் குற்றமாகவே பார்க்கப்படும்.

போதைக் கேள்விக்கு "ஆம்" என்று எழுதியவர்களுக்குத் தற்காலிக கிளியரன்ஸ் கிடைக்காமல் போவது சகஜம். அது மறுப்பு அல்ல. முழு விசாரணை முடிந்துதான் முடிவு. ஆனால் நிறுவனம் அதுவரை காத்திருக்குமா என்பது அவர்கள் கையில். நிபந்தனையோடு தகுதி வழங்குவதற்கும் விதியில் இடம் இருக்கிறது.

கஞ்சாவை ஒட்டிய சில்லறைச் சிக்கல்கள்

2018-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்துக்குப் பிறகு, போதை தரும் டிஎச்சி 0.3 சதவீதத்துக்கு மேல் இல்லாத ஹெம்ப் (போதை குறைந்த கஞ்சாச் செடி வகை) பொருள்கள் கடைகளில் வந்தன. அந்தச் செடியிலிருந்து எடுக்கும், போதை தராத சிபிடி எண்ணெய், கம்மி மிட்டாய் எல்லாம் அந்தக் கணக்கில்தான் விற்கப்பட்டன. பாட்டிலில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. சோதனையில் பாசிட்டிவ் வந்தால் "சிபிடிதான் சாப்பிட்டேன்" என்று நிரூபிப்பது உங்கள் பாடு. மூட்டுவலிக்கு வேறு தைலம் பார்த்துக்கொள்ளுங்கள்.

கஞ்சா நிறுவனப் பங்குகளைத் தெரிந்தே நேரடியாக வாங்கியிருப்பதும் 2021 வழிகாட்டுதலில் கவனிக்கத்தக்கதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பரவலாக முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டுக்குள் அது ஒரு துளியாக இருப்பது பிரச்சினை இல்லை. கணவனோ மனைவியோ வீட்டில் கஞ்சா பயன்படுத்துவது உங்கள் பயன்பாடு ஆகாது. ஆனால் 'சூழலை மாற்றினேன்' என்ற வாதம் அங்கே நொண்டும். ஆம்ஸ்டர்டாமிலோ கனடாவிலோ பயன்படுத்தியிருந்தால் நாடு, ஊர், மாதம், அங்கே சட்டம் அனுமதித்தது என்று விளக்கத்தில் எழுதிவிடுவது பாதுகாப்பு. கஞ்சாவை மூன்றாம் அட்டவணைக்கு மாற்றும் முயற்சி பற்றிய செய்திகளை வைத்து முடிவெடுக்காதீர்கள்; மூன்றாம் அட்டவணையிலும் மருத்துவர் சீட்டு இல்லாமல் எடுப்பது சட்டவிரோதம்தான்.

குடியுரிமை வாங்கி வந்தவர்கள்

நம்மவர்கள் பலருக்கு வரும் கண்ணிவெடி இது. குடியுரிமை விண்ணப்பமான என்-400-இல், கைதாகாவிட்டாலும் குற்றம் செய்ததுண்டா என்ற கேள்வி இருக்கிறது. மாநிலத்தில் சட்டப்படி வாங்கினாலும் கஞ்சா கூட்டாட்சிக் குற்றம், அது நன்னடத்தைத் தகுதியைப் பாதிக்கும் என்று குடிவரவுத் துறை 2019-இல் தெளிவாகவே சொன்னது. அதில் "இல்லை" என்று சத்தியம் செய்து குடியுரிமை வாங்கியவர், இரண்டு வருடம் கழித்து எஸ்எஃப்-86-இல் அதே காலத்துப் பயன்பாட்டைத் தேதியோடு எழுதினால், இரண்டு அரசுத் தாள்கள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கும். 23-ஆம் பகுதியில் உள்ள உறுதிமொழி குற்றவழக்கைப் பற்றித்தான் பேசுகிறது. குடியுரிமை நடவடிக்கையைப் பற்றிப் பேசவில்லை. இதற்குப் பொய் ஒரு தீர்வல்ல. கிளியரன்ஸும் குடிவரவும் இரண்டும் தெரிந்த வக்கீலிடம் பேசிவிட்டு ஃபார்மைத் திறங்கள்.

இன்னும் கிரீன் கார்டில் இருப்பவர்கள் அதைவிட எச்சரிக்கையாக இருக்க வேண்டும். தண்டனையே இல்லாமல், போதைக் குற்றத்தின் கூறுகளை ஒப்புக்கொண்டாலே நாட்டுக்குள் நுழையும் தகுதி பறிபோகலாம்.

மறுப்பதற்கான காரணக் கடிதம் வந்தால்

நேரடியாக மறுக்க மாட்டார்கள். முதலில் காரணங்களைப் பட்டியலிட்ட ஒரு கடிதம் வரும்; 'எஸ்ஓஆர்' என்பார்கள். ராணுவத் துறை ஒப்பந்தப் பணியாளர்களுக்குக் கடிதம் கைக்கு வந்ததிலிருந்து 20 நாள் அவகாசம். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக ஒப்புக்கொள்கிறேன் அல்லது மறுக்கிறேன் என்று எழுத வேண்டும். மொத்தமாக மறுத்து ஒரு பத்தி எழுதினால் அது பதிலாகவே எடுத்துக்கொள்ளப்படாது. நீதிபதி முன் விசாரணை வேண்டுமென்றால் அதே பதிலில் கேட்க வேண்டும். கேளுங்கள். எழுத்திலேயே முடிவு செய்யுங்கள் என்று விட்டால், துறை அனுப்பும் ஆவணத் தொகுப்புக்கு 30 நாளில் பதில் அனுப்பலாம், அவ்வளவுதான். போதை வழக்கில் முக்கியமே ஆள் திருந்திவிட்டார் என்று நம்பவைப்பது. அதைத் தாளைவிட நேரில் செய்வது சுலபம். உங்கள் மேலாளரையும் சாட்சியாக அழைக்கலாம்.

இந்த விசாரணைகளை நடத்தும் 'டோஹா' அலுவலகம் தன் தீர்ப்புகளைப் பெயரை நீக்கி இணையத்தில் வெளியிடுகிறது. 'எச்' என்று தேடி, உங்கள் பொருளும் எண்ணிக்கையும் இடைவெளியும் ஒத்த நாலைந்து தீர்ப்புகளைப் படித்தால் எந்த ஆதாரத்துக்கு நீதிபதிகள் மதிப்புக் கொடுக்கிறார்கள் என்பது பிடிபடும். தீர்ப்பு எதிராக வந்தால் 15 நாளில் மேல்முறையீட்டு அறிவிப்பு போய்ச் சேர வேண்டும். மேல்முறையீட்டில் புது ஆதாரம் ஏற்க மாட்டார்கள். கொடுப்பதை எல்லாம் விசாரணையிலேயே கொடுத்துவிட வேண்டும். அதுவும் தோற்றால் மறுப்புத் தேதியிலிருந்து ஒரு வருடம் கழித்து மறுபடி முயலலாம், முன்மொழிய ஒரு நிறுவனம் இருந்தால்.

கிளியரன்ஸ் கிடைத்துவிட்டது என்றால், இப்போது தொடர் கண்காணிப்பு உண்டு. கைது போன்ற பதிவுகள் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தானாகவே தெரிந்துவிடும். புதிதாக ஏதாவது நடந்தால் நீங்களே முதலில் தெரிவிக்க வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு கொடுத்த வலிமாத்திரைக்குச் சீட்டை எடுத்து வையுங்கள். சோதனைக்கு அழைத்தால் அதுதான் கேட்கப்படும். மிச்ச மாத்திரையைப் பின்னால் வேறு வலிக்குப் போடாதீர்கள். மருந்தகத்தில் திருப்பி வாங்கும் பெட்டி இருந்தால் அதில் போட்டுவிடுங்கள்.